கருவி நம்முடையது, சாவி யாருடையது?

அமெரிக்காவில் ரிவால்வ் என்றொரு கருவி விற்றது. வீட்டு விளக்கு, கதவுப் பூட்டு போன்றவற்றை போனிலிருந்தே இயக்க உதவும் சிறிய சிவப்புப் பெட்டி; விலை ஏறக்குறைய 300 டாலர். வாழ்நாள் முழுக்கச் சேவை உண்டு என்று சொல்லித்தான் விற்றார்கள். 2014இல் கூகுள் குழுமத்தின் நெஸ்ட் நிறுவனம் அந்தக் கம்பெனியை வாங்கியது, விற்பனையை நிறுத்தியது. 2016 மே மாதம் ரிவால்வின் சர்வரையும் அணைத்தது. பெட்டிக்குள் ரேடியோ கெடவில்லை, சிப் கெடவில்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் ஓடிக்கொண்டிருந்த நிரல் நின்றுபோனதால், காசு கொடுத்து வாங்கியவர் வீட்டிலிருந்த பொருள் ஒன்றுக்கும் உதவாமல் போனது.

பெபிள் கைக்கடிகாரத்தின் கதையும் இப்படித்தான் முடிந்திருக்க வேண்டும். 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதிதிரட்டும் தளத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டி உலகைத் திரும்பிப் பார்க்க வைத்த கடிகாரம் அது. மொத்தம் இருபது லட்சம் வரை விற்றது. 2016 டிசம்பரில் ஃபிட்பிட் அதை வாங்கி மூடியது. 2018 ஜூனில் சர்வர்கள் நின்றன. ஆனால் பெபிளுக்கு நிரல் எழுதிப் பழகியவர்கள் ரெபிள் என்ற பெயரில் ஒன்றுகூடி, செயலிக் கடையைப் படியெடுத்து, சர்வர் செய்துவந்த வேலைகளைத் தாங்களே எழுதி ஓட்டினார்கள். பின்னர் ஃபிட்பிட்டை வாங்கிய கூகுள், 2025 ஜனவரியில் பெபிளின் இயங்குதளத்தைத் திறமூலமாக வெளியிட்டது. அதே ஆண்டில் பெபிளைத் தொடங்கிய எரிக் மிகிகோவ்ஸ்கி அந்த நிரலை வைத்தே புதிய கடிகாரங்களைச் செய்து விற்க ஆரம்பித்தார்.

இரண்டு கம்பெனிகளையும் பெரிய கை வாங்கியது, இரண்டையும் மூடியது. ஒன்று குப்பைக்குப் போனது, இன்னொன்று கையில் ஏறி உட்கார்ந்தது. இன்றைக்கு ஒரு மின்னணுக் கருவியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் பேட்டரியோ சர்க்யூட் போர்டோ மட்டுமல்ல. அதற்குள் ஓடும் நிரலை யார் படிக்கலாம், யார் மாற்றலாம், மாற்றியதை யார் திரும்ப உள்ளே ஏற்றலாம் என்ற மூன்று கேள்விகள்தான் முதன்மையானவை. திறமூல மென்பொருளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறது. கருவிகளைப் பொறுத்தவரை மூன்றாவதுதான் உயிர்நிலை.

திறமூல இயக்கத்தின் பிறப்பே ஒரு கருவியோடு பின்னியது. எம்ஐடி பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் பிரிண்டர் ஒன்று இருந்தது. அதில் காகிதம் சிக்கினால், அச்சுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களின் திரைக்குச் செய்தி போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் அதன் நிரலை மாற்றி வைத்திருந்தார். பிறகு ஜெராக்ஸ் கம்பெனி புதிய லேசர் பிரிண்டர் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தது. வேகமானது, அச்சுத் தெளிவானது, ஆனால் மூலநிரல் கூட வரவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருப்பதாகக் கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டபோது, யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டதாக அவர் சொல்லிவிட்டார். இந்த அனுபவத்தை ஸ்டால்மன் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1983இல் அவர், யாரும் படித்து மாற்றக்கூடிய இயங்குதளம் ஒன்றைக் கட்டும் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1989இல் வந்த ஜிபிஎல் உரிமத்தின் சாரம் எளிமையானது: இந்த நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம், ஆனால் அடுத்தவர் கைக்குக் கொடுக்கும்போது மாற்றங்களோடு சேர்த்து மூலநிரலையும் கொடுத்தாக வேண்டும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் அடுத்த ஆண்டு இந்த உரிமத்தின் கீழ் வந்தது.

அந்த நிபந்தனை என்ன செய்யும் என்பதை உலகம் 2003இல்தான் கண்கூடாகப் பார்த்தது. லிங்க்சிஸ் கம்பெனியின் டபிள்யூஆர்டி54ஜி, நீலமும் கறுப்புமாக, பின்னால் இரண்டு ஆன்டெனாக்களோடு வந்த வைஃபை ரவுட்டர். வீடுகளுக்கான சாதாரணப் பொருள். அதற்குள் லினக்ஸ் ஓடுவதை ஆர்வலர்கள் சிலர் கண்டுபிடித்தார்கள். சிப் பிராட்காமிடமிருந்து வந்தது, லினக்ஸும் அந்த வழியாகவே உள்ளே வந்திருந்தது. அதே ஆண்டில்தான் சிஸ்கோ சுமார் 50 கோடி டாலருக்கு லிங்க்சிஸை வாங்கியிருந்தது. லினக்ஸை விற்கிறீர்கள், மூலநிரல் எங்கே என்று கேள்வி கிளம்பியது. சில வாரங்களில் நிரல் வெளியானது.

அதற்குப் பின் நடந்ததுதான் முக்கியம். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இணைப்பைச் சோதிக்க 'பிங்' என்றொரு பெட்டி இருக்கும். முகவரி எழுத வேண்டிய அந்தப் பெட்டியில் லினக்ஸ் கட்டளையை எழுதினால், ரவுட்டர் அதையும் நிறைவேற்றியது. லிங்க்சிஸ் கவனிக்காமல் விட்ட ஓட்டை அது. ஆர்வலர்கள் அதன் வழியே நுழைந்து ஓர் அமைப்பை மாற்றினார்கள்: மின்சாரம் கொடுத்தவுடன் ரவுட்டர் சில விநாடிகள் நின்று, யாராவது புதிய நிரல் அனுப்புகிறார்களா என்று பார்க்கும். அந்தச் சில விநாடிகளுக்குள் கேபிள் வழியாக நிரலை அனுப்பிவிட்டால் போதும். புதிய நிரல் தவறாக ஏறி ரவுட்டர் முடங்கினாலும், அணைத்துப் போட்டு மீட்டெடுக்க வழி கிடைத்துவிட்டது. பிழைக்கு இடம் இருந்ததால் சோதிப்பவர்களும் பெருகினார்கள். 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மாற்று நிரல் பிறந்தது. டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ என்று பல வந்தன. பெர்லினில் ஃப்ரைஃபுங்க் குழுவினர் இதே ரவுட்டர்களைக் கூரைகளிலும் ஜன்னல்களிலும் வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இலவச வலைப்பின்னலைக் கட்டினார்கள். நான்கு மெகாபைட் சேமிப்பும் பதினாறு மெகாபைட் நினைவகமும் கொண்ட பெட்டி அது.

லிங்க்சிஸ் 2005இல் செலவைக் குறைக்க லினக்ஸைக் கைவிட்டு, நினைவகத்தைப் பாதியாக்கிப் புதிய பதிப்பை வெளியிட்டது. வாடிக்கையாளர்கள் பழையதைக் கேட்டார்கள். உடனே லினக்ஸ் ஓடும் பழைய வடிவத்தையே டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற பெயரில் தனியாக விற்க வேண்டிவந்தது. பத்து ஆண்டு கழித்தும் அது விற்றுக்கொண்டிருந்தது. நிரலைத் திறந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை.

ஆனால் இதே ரவுட்டரில் ஒரு மூலை இருட்டாகவே கிடந்தது. வைஃபை சிப்பை இயக்கும் டிரைவரின் மூலநிரலை பிராட்காம் தரவில்லை. கட்டிமுடித்த வடிவில் மட்டுமே கிடைத்தது. அது லினக்ஸின் 2.4 பதிப்போடுதான் ஒத்துப்போகும். உலகம் 2.6க்குப் போன பிறகும் இந்த ரவுட்டர்களின் வைஃபை நெடுநாள் பழைய பதிப்போடு கட்டுண்டு கிடந்தது. பிறகு அந்த மூடிய டிரைவரைப் பிரித்து ஆராய்ந்து, தன்னார்வலர்கள் புதிய டிரைவர் எழுதினார்கள். தொண்ணூற்றைந்து பங்கு திறந்திருந்து ஐந்து பங்கு மூடியிருந்தால், மொத்தப் பொருளின் தலையெழுத்தையும் அந்த ஐந்து பங்கே எழுதும். இன்றைய ஸ்மார்ட்போன்களின் நோயும் இதுதான்.

இன்னொரு பூட்டு டிவோவில் தெரியவந்தது. 1999 முதல் அமெரிக்காவில் விற்ற, டிவி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் பெட்டி அது. உள்ளே லினக்ஸ். சட்டப்படி மூலநிரலையும் கம்பெனி கொடுத்தது. ஆனால் நிரலை மாற்றித் திரும்ப ஏற்றினால் பெட்டி ஓடாது. கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று வன்பொருளே சோதித்து, இல்லையென்றால் மறுத்துவிடும். படிக்கலாம், மாற்றலாம், பயன்படுத்த மட்டும் முடியாது. ஸ்டால்மன் தரப்பு இதைத் தடுக்கவே 2007இல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தது: வீட்டு உபயோகக் கருவியில் நிரலை வைத்து விற்றால், மாற்றிய நிரலை ஏற்றுவதற்கான வழியையும் தர வேண்டும். டோர்வால்ட்ஸ் இதை ஏற்கவில்லை. நிரலைத் திருப்பித் தந்தால் போதும், வன்பொருளை எப்படிச் செய்வதென்று உரிமம் சொல்லக்கூடாது என்பது அவர் நிலை. லினக்ஸ் இன்றுவரை இரண்டாம் பதிப்பிலேயே இருக்கிறது.

டோர்வால்ட்ஸின் வாதத்தில் நேர்மை உண்டு. நிரல் எழுதுகிறவர் என்ற இடத்தில் நின்று பார்த்தால், அவருக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. கருவியை வாங்குகிறவர் என்ற இடத்தில் நின்று பார்த்தால் கணக்கு மாறுகிறது. விற்ற வீட்டின் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு வாசல் சாவியை விற்றவரே வைத்துக்கொண்டதுபோல் ஆகிறது வாங்கியவர் நிலை. ஆண்ட்ராய்டு போன்கள் கோடிக்கணக்கில் பெருகிய பத்தாண்டில் இந்த வேறுபாட்டின் விலையைப் பொதுமக்கள்தான் கொடுத்தார்கள்.

கூகுள் 2005இல் ஆண்ட்ராய்டு கம்பெனியை வாங்கியது. 2008இல் முதல் போன் வந்தது. அடியில் லினக்ஸ், அதன் மேல் அப்பாச்சி உரிமத்தில் திறந்துவிடப்பட்ட பெரும் பகுதி. அப்பாச்சி உரிமத்தில் மாற்றங்களைத் திருப்பித் தர வேண்டிய கட்டாயம் இல்லை. அதற்கும் மேலே பிளே ஸ்டோர், வரைபடம், அறிவிப்புகளைக் கொண்டுவரும் சேவை எல்லாம் கூகுளின் மூடிய நிரல்கள். ஆண்டு செல்லச் செல்ல, திறந்த பகுதியில் இருந்த வேலைகள் ஒவ்வொன்றாக மூடிய பகுதிக்கு இடம் மாறின. தன் செயலிகளை வைத்துக்கொள்ளும் உரிமத்தைக் காட்டித் தயாரிப்பாளர்களைக் கட்டுப்படுத்தியதற்காக 2018இல் ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 434 கோடி யூரோ அபராதம் விதித்தது.

ஒரு விஷயம் பலருக்குப் புதிராக இருக்கும். பத்து வயதான லேப்டாப்பில் புத்தம் புதிய லினக்ஸை ஏற்றினால் ஓடுகிறது. ஐந்து வயதான போனில் ஏன் முடியவில்லை? 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் அமைப்பைப் பல கம்பெனிகள் நகலெடுத்தன. எல்லா வன்பொருளிலும் ஒரே இயங்குதளம் ஓட வேண்டிய நிர்பந்தம் வந்தது. அதனால் பிசி தன்னிடம் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்று இயங்குதளத்திடம் தானே சொல்லும் மரபு உருவானது. போன் உலகில் அந்த மரபு இல்லை. கேமரா எந்தக் கம்பியில் இருக்கிறது, திரைக்கு எந்த மின்னழுத்தம் என்பதெல்லாம் ஒவ்வொரு மாடலுக்கும் தனியாக எழுதப்பட வேண்டும். சிப் கம்பெனி லினக்ஸின் ஒரு குறிப்பிட்ட பதிப்பை எடுத்து, தன் டிரைவர்களைச் சேர்த்து, போன் கம்பெனியிடம் கொடுக்கும். இரண்டு மூன்று ஆண்டில் சிப் கம்பெனி அடுத்த சிப்புக்குப் போய்விடும். அதோடு போனும் நின்ற இடத்தில் நின்றுவிடும். வன்பொருள் தேய்வதற்கு முன் கவனிப்பு தேய்ந்துவிடுகிறது.

மனம் இருந்தால் இதை உடைக்கலாம் என்று நெதர்லாந்தின் ஃபேர்போன் காட்டியது. அதன் இரண்டாவது போன் 2015இல் வந்தது. அதிலிருந்த குவால்காம் ஸ்னாப்டிராகன் 801 சிப்புக்கு, ஆண்ட்ராய்டு 6க்குப் பிறகு சிப் கம்பெனியின் ஆதரவு இல்லை. லினேஜ் ஓஎஸ் என்ற திறமூல ஆண்ட்ராய்டு வடிவத்தை வளர்க்கும் தன்னார்வலர்களின் உழைப்பைத் துணைக்கொண்டு ஃபேர்போன் அந்தப் போனை ஆண்ட்ராய்டு 10 வரை கொண்டுவந்தது. 2023 வரை ஏழாண்டுக்கு மேல் மேம்படுத்தல்கள் கொடுத்தது. அதே ஸ்னாப்டிராகன் 801 சிப்தான் செவ்வாய்க் கோளில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டருக்குள்ளும் இருந்தது. அதில் ஓடியது லினக்ஸ். பறப்பதைக் கவனித்துக்கொண்டது நாசா திறமூலமாக வெளியிட்ட எஃப் பிரைம் நிரல். ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பினார்கள். 2021 ஏப்ரல் முதல் 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது. பூமியில் மூன்று ஆண்டில் காலாவதி என்று ஒதுக்கப்படும் வகைச் சிப் அது.

முழுத் திறந்த போனைச் செய்யும் முயற்சிகளும் நடந்தன. 2007இல் ஓப்பன்மோக்கோ வந்தது. ஆர்வலர்களைத் தாண்டிப் போகவில்லை. நோக்கியாவின் என்900 போனில் மேமோ என்ற லினக்ஸ் இருந்தது. 2011இல் நோக்கியா மைக்ரோசாஃப்ட் பக்கம் சாய்ந்ததும் அந்தப் பாதை அடைபட்டது. மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் 2013இல் கடைக்கு வந்து மூன்றாண்டுக்குள் கைவிடப்பட்டது. ஆனால் அதன் நிரலை எடுத்துத்தான் காய் ஓஎஸ் உருவானது. 2017இல் 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு வந்த ஜியோபோனில் ஓடியது அதுதான். பட்டன் போன் வைத்திருந்த கோடிக்கணக்கான இந்தியர்களுக்கு இணையத்தைக் கொண்டுசேர்த்தது திறமூல நிரல். அதை மாற்றும் உரிமை மட்டும் போனை வைத்திருந்தவர் கைக்கு வரவில்லை.

திறந்த நிரலால் தமிழுக்குக் கிடைத்த பலனையும் சொல்ல வேண்டும். ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்ததைப் பலரும் பார்த்திருப்பார்கள். 'கொ' என்ற எழுத்து நினைவகத்தில் 'க' என்ற எழுத்தும் அதன் பின் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் நிரல் ஹார்ஃப்பஸ். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ் எல்லாவற்றிலும் அதுவே உழைக்கிறது. ரெட் ஹேட் திறந்த உரிமத்தில் வெளியிட்ட லோகித் தமிழ் எழுத்துருதான் ஆண்ட்ராய்டு 4 வரிசையில் இடம்பெற்றது. ஓரிடத்தில் சரிசெய்தது எல்லாப் போனுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு கம்பெனியும் மூடிய அறையில் தனித்தனியாகத் தமிழைச் சரிசெய்ய வேண்டியிருந்தால், சந்தை சிறிதென்று பலர் கையே வைத்திருக்க மாட்டார்கள்.

வன்பொருளையே திறந்துவிடும் கனவும் இந்தியாவுக்குப் புதிதல்ல. பெங்களூரில் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் சேர்ந்து வடிவமைத்த சிம்ப்யூட்டர் லினக்ஸில் ஓடிய கையடக்கக் கணினி. வடிவமைப்பையும் பிறர் எடுத்துச் செய்யும்படி உரிமம் எழுதியிருந்தார்கள். 2004இல் கடைக்கு வந்தபோது விலையும் விநியோகமும் கைகொடுக்கவில்லை. 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காகப் பிறந்த ஆர்டுயினோ போர்டு அந்தக் கனவை நிறைவேற்றியது. வடிவமைப்பு திறந்திருந்ததால் யார் வேண்டுமானாலும் அதே போர்டைச் செய்து விற்றார்கள். சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நகலில் பொறியியல் மாணவர்கள் புராஜெக்ட் செய்கிறார்கள். 2012இல் 35 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை அந்த அளவுக்குத் திறந்ததல்ல. அதன் சிப்பில் மூடிய நிரல் உண்டு. ஆனாலும் ஆவணங்களும் நீண்டகால ஆதரவும் இருந்ததால் அது நிலைத்தது.

சிப்பின் மொழியே திறந்திருந்தால்? 2010இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ், கட்டணமும் அனுமதியும் இல்லாமல் யாரும் பிராசசர் வடிவமைக்க வழிசெய்தது. அதை எடுத்துக்கொண்டு சென்னை ஐஐடியில் காமகோடி தலைமையிலான குழு சக்தி பிராசசர்களை உருவாக்கியது. 2018இல் அவர்களின் சிப் லினக்ஸை ஓட்டியது. சண்டிகரில் உள்ள அரசு ஆலையிலும் ஒரு சக்தி சிப் தயாரானது. மூலவடிவத்தையும் திறந்தே வைத்திருக்கிறார்கள். இன்றைய போன் சிப்புகளின் வேகத்தோடு இவற்றை ஒப்பிடுவது முறையல்ல. மின்மீட்டர், பம்பு செட் கட்டுப்பாடு, தொழிற்சாலைக் கருவி போன்றவற்றுக்கு யாரிடமும் உரிமத்துக்குக் கைநீட்ட வேண்டியதில்லை என்பதே இதில் கிடைத்த லாபம்.

திறந்தது திறந்தே இருக்கும் என்று நம்பிவிடவும் முடியாது. முப்பரிமாண பிரிண்டர்கள் வீட்டுக்குள் வந்ததே இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய ரெப்ரேப் என்ற திறந்த திட்டத்தால்தான். அதிலிருந்து கிளம்பிய மேக்கர்பாட் 2012இல் தன் வடிவமைப்பை மூடிக்கொண்டது. திறந்த வன்பொருளின் அடையாளமாக விளங்கிய செக் நாட்டு ப்ரூசா கம்பெனிகூட, நகல்களின் போட்டி தாங்காமல் புதிய மாடல்களில் சில வரைபடங்களை வெளியிடாமல் விட்டது. இந்த வலி உண்மையானது. நிரலை நகலெடுக்கச் செலவில்லை. போர்டை நகலெடுக்க ஆலை வேண்டும், ஆலை வைத்திருப்பவர் வடிவமைத்தவரைவிட மலிவாக விற்றுவிடுவார்.

எதிர்வாதங்களில் கனமானது பாதுகாப்பு. எல்லோரும் பார்க்கலாம் என்பதால் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று ஆகாது. 2014இல் இணையத் தொடர்பைக் குறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ஹார்ட்ப்ளீட் ஓட்டை வெளியானபோது, உலகின் வங்கிகளும் கடைகளும் சாய்ந்திருந்த அந்த நிரலை ஒரு சிலர் மட்டுமே கவனித்துவந்தது தெரிந்தது. 2024 மார்ச்சில் நடந்தது இன்னும் அச்சமூட்டுவது. எக்ஸ்இசட் என்ற சிறு சுருக்க நிரலைக் கவனித்துவந்தவர் தனியாள், களைத்துப்போனவர். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டாண்டுக்கு மேல் நல்ல திருத்தங்களாகவே அனுப்பி நம்பிக்கை பெற்று, பொறுப்பையும் பெற்று, சர்வர்களுக்குள் நுழையும் கள்ளவழி ஒன்றைச் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்து வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கண்டு துருவியதால் அது சர்வர்களில் பரவுமுன் பிடிபட்டது. மூலநிரல் கையில் இருந்ததால்தான் அவரால் துருவ முடிந்தது. ஆனால் ஊதியமில்லாத ஒருவரின் களைப்பின் மேல் உலகம் நின்றிருந்ததும் அதே அளவு உண்மை. இந்த நிரல்களால் லாபம் பார்க்கும் கம்பெனிகள் பராமரிப்புக்குப் பணம் கொடுப்பதைத் தர்மமாக நினைக்கக்கூடாது, செலவுக் கணக்கில் எழுத வேண்டும்.

இன்னொரு வாதம் அலைவரிசை. ரவுட்டரின் நிரலை மாற்றி அலை பரப்பும் சக்தியைக் கூட்டினால் வானிலை ரேடார்களுக்கு இடையூறு வரலாம் என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2015இல் கட்டுப்பாடு கொண்டுவரப் பார்த்தது. கம்பெனிகளுக்கு அலைவரிசையை மட்டும் பூட்டுவதைவிட மொத்தப் பெட்டியையும் பூட்டுவது எளிது. சில கம்பெனிகள் அந்த வழியில் போயின. 2016இல் டிபி-லிங்க் கம்பெனிக்கு அலைவரிசை விதிமீறலுக்காக இரண்டு லட்சம் டாலர் அபராதம் விதித்த அதே ஆணையம், திறமூல நிரல்களுக்கு இடம் தரும் வழியைத் தேட வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதியது. ரேடியோவுக்குத் தனிப் பூட்டு, மற்றதெல்லாம் வாங்கியவர் கையில் என்பது நடைமுறைக்கு ஒத்த தீர்வு. 2024இல் ஓப்பன்டபிள்யூஆர்டி குழுவே வடிவமைத்து 89 டாலருக்கு வெளியிட்ட ரவுட்டரில், மீட்பு நிரலுக்குத் தனிச் சிப்பும் அதற்கு மாற்ற ஒரு சுவிட்சும் வைத்திருக்கிறார்கள். நிரல் கெட்டால் சுவிட்சைத் தள்ளி மீட்டுக்கொள்ளலாம்.

பொழுதுபோக்குக் கருவிகளோடு இந்த விவகாரம் முடிவதில்லை. கேரன் சாண்ட்லர் திறமூல மென்பொருளுக்காகப் போராடும் வழக்கறிஞர். பிறவியிலேயே இதயத் தசை தடித்தவர் என்பதால் மார்பில் டிஃபிப்ரிலேட்டர் பொருத்திக்கொண்டார். அதில் ஓடும் நிரலைப் பார்க்க முடியுமா என்று தயாரிப்பாளர்களைக் கேட்டார், கிடைக்கவில்லை. பிறகு கர்ப்பமாக இருந்தபோது, அந்த நிலையில் இயல்பாக வரும் படபடப்பைக் கருவி ஆபத்தென்று எடுத்துக்கொண்டு அவருக்கு மின்னதிர்ச்சி கொடுத்தது. உடலுக்குள் இருக்கும் கருவியில்கூட நோயாளிக்கு உரிமை இல்லை என்பதை அவர் இன்றும் ஊர் ஊராகச் சொல்லிவருகிறார்.

போலந்தில் நடந்தது ரயில் சம்பந்தப்பட்டது. நெவாக் கம்பெனியின் ரயில்களை 2022இல் வேறொரு பட்டறை டெண்டரில் எடுத்துப் பழுதுபார்த்தது. வேலை எல்லாம் முறையாக முடிந்தும் ரயில் நகரவில்லை. பட்டறையினர் டிராகன் செக்டர் என்ற ஹேக்கர் குழுவை அழைத்தார்கள். ரயிலின் கணினி நிரலைப் பிரித்துப் பார்த்த அவர்கள், போட்டிப் பட்டறைகளின் ஜிபிஎஸ் இடக்குறிப்புகள் அதற்குள் எழுதப்பட்டிருந்ததாகவும், அங்கே நாள்கணக்கில் நின்றால் ரயில் முடங்கும்படி நிபந்தனை இருந்ததாகவும் 2023 டிசம்பரில் வெளிப்படையாக அறிவித்தார்கள். நெவாக் இதை மறுத்து அவர்கள்மேல் வழக்கும் தொடுத்தது. நீதிமன்றம் எதைச் சொன்னாலும் ஒன்று தெளிவு: மக்கள் பணத்தில் ரயில் வாங்கிய அரசு நிர்வாகத்திடம் அந்த ரயிலின் நிரல் இல்லை. 2015இல் ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களில் புகைச் சோதனையை ஏமாற்றும் நிரல் பிடிபட்டதும் இதே இருட்டுக்குள்தான். அதைக் கண்டுபிடித்தவர்கள் நிரலைப் படிக்க முடியாமல், வண்டியைச் சாலையில் ஓட்டிப் புகையை அளந்து கண்டுபிடித்தார்கள்.

திறந்த நிரல் என்றால் கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவது என்ற பயம் இன்னும் போகவில்லை. 2022இல் வந்த வால்வ் கம்பெனியின் ஸ்டீம் டெக் அந்தப் பயத்துக்கு நல்ல மருந்து. ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட கையடக்க விளையாட்டுக் கருவி அது. 1993 முதல் வளர்ந்துவரும் வைன் திட்டத்தின் மேல் கட்டிய புரோட்டான், விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டுகளை அதில் ஓட்டுகிறது. விளையாடுகிறவருக்கு லினக்ஸ் என்றே தெரிய வேண்டியதில்லை. தெரிந்துகொள்ள விரும்பினால் ஒரு பட்டனில் முழுக் கணினியாகத் திறக்கும், வேறு இயங்குதளத்தை ஏற்றவும் தடையில்லை. உதிரிபாகங்கள் பொதுமக்களுக்கே விற்பனைக்கு உண்டு.

போன்களில் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. 2025இல் கூகுள் ஆண்ட்ராய்டு உருவாக்கத்தை வெளியார் பார்வையிலிருந்து விலக்கி உள்ளேயே நடத்தத் தொடங்கியது. ஆண்ட்ராய்டு 16 வந்தபோது பிக்சல் போன்களுக்கான வன்பொருள் விவரக் கோப்புகளை வழக்கம்போல் வெளியிடவில்லை. போன் தொடங்கும்போது எந்த இயங்குதளத்தை ஏற்றுவதென்று தீர்மானிக்கும் பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் கம்பெனிகளும் குறைந்துவருகின்றன. அதே ஆண்டு ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போன்களுக்கு, ஒரு மாடலின் விற்பனை நின்றபின் ஐந்தாண்டு வரை மேம்படுத்தலும் ஏழாண்டு வரை உதிரிபாகமும் தர வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்திருக்கிறது. வரவேற்க வேண்டிய விதி. ஆறாவது ஆண்டில் பூட்டைத் திறந்துவிட வேண்டும் என்று மட்டும் அதில் இல்லை.

இந்தியாவில் அரசு அலுவலகங்கள் திறமூல மென்பொருளுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று மத்திய அரசின் 2015ஆம் ஆண்டுக் கொள்கை சொல்கிறது. அது மென்பொருளைப் பற்றியது. மென்பொருள் ஓடும் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்த பிறகும், பழைய லேப்டாப்பில் புதிய லினக்ஸை ஏற்றி வைத்துக்கொள்ள முடிகிறது என்றால் அது பிசி மரபு தந்த வசதி. பள்ளிகளுக்கு வாங்கும் டேப்லெட்டுக்கோ, நகராட்சிக் கண்காணிப்புக் கேமராவுக்கோ, வீட்டுக்கு வீடு பொருத்தும் ஸ்மார்ட் மீட்டருக்கோ அந்த வசதி தானாக வராது. டெண்டரில் எழுதிக் கேட்டால்தான் வரும். பொருளோடு லினக்ஸின் மூலநிரலும் டிரைவர்களும் ஒப்படைக்கப்பட வேண்டும்; ஆதரவு முடியும் நாளில் பூட்லோடர் சாவி வாங்கிய துறையின் கைக்கு வர வேண்டும்; கம்பெனி மூடப்பட்டால் சர்வர் நிரல் பொதுவில் வெளியிடப்பட வேண்டும். லட்சக்கணக்கில் வாங்கும் அரசு இவற்றைக் கேட்டால் மறுக்கக்கூடிய கம்பெனிகள் மிகக் குறைவு.